வீட்டுக்குள்ள மண்கூடு கட்டுற குளவி: உடைக்கிறதா விடுறதா?

மாடித்தோட்டம்
ஜூன் 3, காலை 10:40

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இருக்கிறது மதுரை பக்கம், சொந்த வீடு கட்டி நாலு வருஷம் ஆகுது. ஹால்ல ஜன்னலுக்கு மேல, சாமி படத்தை ஒட்டின சுவத்துல ஒரு குளவி அஞ்சு நாளா மண்ணு கொண்டாந்து அப்பிக்கிட்டே இருக்கு. கறுப்பு உடம்பு, கால்ல மஞ்சள் பட்டை, இடுப்பு மட்டும் நூல் மாதிரி அவ்ளோ மெலிசு, விரல் மொத்தத்துக்கு மூணு குழாய் பக்கத்துல பக்கத்துல கட்டியிருக்கு. வீட்டுக்காரர் பாப்பாவுக்கு ரெண்டு வயசு, கொட்டிருச்சுன்னா என்ன பண்றது உடைச்சுப் போடுங்கிறார். அத்தை உடைக்கவே கூடாதுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க, நாத்தனார் மாசமா இருக்கா, குளவி கூடு கட்டுற வீட்ல பிள்ளை பொறக்கும்னு சொல்றாங்க. எனக்கு ரெண்டு பேர் பேச்சையும் தட்ட முடியல. விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, இது ஆபத்தானதா?

---

கோவை_ராஜ்
ஜூன் 3, காலை 11:15

சிஸ்டர், யோசிக்காம உடைச்சிருங்க. போன வருஷம் எங்க ஏரியால குளவி கொட்டி ஒரு பெரியவரை ஐசியு வரைக்கும் கொண்டு போனாங்க. சின்னக் குழந்தை இருக்கிற வீட்ல ரிஸ்க் எடுக்கக் கூடாது.

---

பூச்சிப்பித்தன்
ஜூன் 3, மதியம் 1:05

அக்கா, கையை வெச்சிராதீங்க, முழுசா படிச்சுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. நான் பூச்சியியல் படிச்சவன், இந்தக் குளவின்னா எனக்கு உசுரு.

முதல்ல ராஜ் அண்ணன் சொன்னதுக்கு வர்றேன். அந்தப் பெரியவரைக் கொட்டினது கதண்டா இருக்கும், சில ஊர்ல கடந்தைன்னு சொல்வாங்க. அது கூட்டமா வாழுற ஜாதி, ஒரு கூட்டுல நூத்துக்கணக்குல இருக்கும், கூட்டுக்கு ஆபத்துன்னா மொத்தமா எந்திரிச்சு வந்து கொட்டும், அதுல உயிரே போயிருக்கு. அந்த மாதிரி கூடு மரத்துலயோ சன்ஷேடுலயோ பாத்தா தீயணைப்பு நிலையத்துக்கு போன் பண்ணணும், நாமளா தொடவே கூடாது.

உங்க வீட்ல இருக்கிறது வேற. இது மண்குளவி, கிராமத்துல வேட்டுவன், வேட்டுவாளின்னும் சொல்வாங்க. இது தனியாள். ராணி இல்ல, படை இல்ல, கூட்டுக்குக் காவலும் இல்ல. ஒத்தப் பொம்பளையா மண் சுமந்து வீடு கட்டி, வேட்டையாடி, பிள்ளைக்கு சோறு வெச்சு மூடிட்டுப் போயிரும். கையில புடிச்சு நசுக்கினா ஒழிய கொட்டாது. ஆணுக்கு கொடுக்கே கிடையாது. அதோட விஷம் நமக்காக இல்ல, சிலந்திக்காக.

பேரைக் கேட்டா சந்தோஷப்படுவீங்க. அறிவியல் பேரு செலிஃப்ரான் மெட்ராஸ்பட்டானம். நம்ம மதராசப்பட்டினமேதான்! டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரீசியஸ் 1781-ல இதுக்குப் பேரு வெச்சார், உயிர்களுக்கு அறிவியல் பேரு வைக்கிற முறையைக் கொண்டாந்த லின்னேயஸோட மாணவர் அவர். தெக்கு ஐரோப்பால இருந்து இந்தியா, இலங்கை தாண்டி ஜப்பான் வரைக்கும் இந்த இனம் இருக்கு, அத்தனை தேசத்துலயும் நம்ம ஊர்ப் பேரோடதான் சுத்துது.

அந்த மூணு குழாய் ஒவ்வொண்ணும் ஒரு அறை. அறைக்கு ஒரு முட்டைதான். அதுக்குள்ள என்ன இருக்குன்னு நினைக்கிறீங்க? சிலந்தி. செத்த சிலந்தி இல்ல, கை கால் விளங்காமப் போன சிலந்தி. பொம்பளைக் குளவி செடி செடியா போய் சிலந்தியைப் புடிச்சு, அதோட நெஞ்சுப் பக்கம் நரம்பு முடிச்சு இருக்கிற இடத்துல கொட்டும், சிலந்தி அப்படியே மடங்கிரும், உசுரு மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும். அழுகாம கெடாம குழந்தை வளர்ற வரைக்கும் சோறு தாங்கணுமே, அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. ஒரு அறைக்கு சிலந்தி சைஸைப் பொறுத்து ஏழெட்டு, சில சமயம் இருபது கூட அடைக்கும்.

முடிஞ்சா ஒரு காரியம் பண்ணுங்க அக்கா. எந்த அறையை என்னைக்கு மூடுதுன்னு சுவத்துல பென்சில்ல தேதி எழுதி வைங்க. ஒரு மாசம், மிஞ்சினா ஒன்றரை மாசத்துல வெளிய வந்துரும், அதுக்கப்புறம் கூட்டைச் சுரண்டிக்கலாம்.

---

மாடித்தோட்டம்
ஜூன் 3, இரவு 9:20

தம்பி ரொம்ப நன்றி. வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினேன், மதராசப்பட்டினம்னு கேட்டதும் ஒண்ணும் சொல்லல, சரி பாப்போம்னுட்டார். பென்சில்ல தேதி எழுத ஆரம்பிச்சாச்சு.

இன்னிக்கு சாயங்காலம் ஸ்டூல் போட்டு ஏறி கிட்டக்க நின்னு பாத்தேன். மிளகு மாதிரி ஒரு மண்ணுருண்டையை வாய்ல கவ்விக்கிட்டு வருது, வெச்ச உடனே ங்ங்ங்னு ஒரு சத்தம், பறக்கும்போது வர்ற சத்தம் இல்ல, அதைவிட கூர்மையா இருக்கு, அந்த சத்தத்தோடயே மண்ணு இளகி அரை வளையமா இழுபடுது. ஒரு உருண்டை இடது பக்கம், அடுத்தது வலது பக்கம். ஈரமா இருக்கிற வரைக்கும் கறுத்துத் தெரியுது, ரெண்டு நிமிஷத்துல வெளுத்துருது. அந்த சத்தம் எதுக்கு? மண்ணு எங்க இருந்து எடுக்குது? இங்க மழையே இல்லையே.

---

பூச்சிப்பித்தன்
ஜூன் 4, காலை 7:50

அருமையா பாத்திருக்கீங்க. கான்கிரீட் போடும்போது வைப்ரேட்டர் விடுவாங்கல்ல, அதே வேலைதான். றெக்கைத் தசையை அதிரவிட்டு அந்த அதிர்வை வாய் வழியா மண்ணுக்குக் குடுக்குது, மண் இளகி பழைய வளையத்தோட ஒட்டிக்கும்.

மண்ணுக்கு மழை தேவையில்ல. உங்க பேருலயே இருக்கே, மாடித்தோட்டம்! தொட்டியில இருந்து தண்ணி வடியிற இடம், குழாயடி, பாத்ரூம் தண்ணி வெளிய போற இடம், ஆடுமாடு தண்ணி குடிக்கிற தொட்டியோரம் எங்கயாவது தேடுங்க, தலைகுப்புற நின்னு வாலைத் தூக்கிக்கிட்டு மண்ணு வழிச்சுட்டு இருக்கும்.

அது குடியிருக்க மூணு விஷயம் வேணும். நனைஞ்ச மண்ணு, மழை படாத சுவரு, பக்கத்துலயே சிலந்தி இருக்கிற செடிகொடி. மனுஷன் வீடு கட்டறதுக்கு முன்னாடி பாறை இடுக்குலயும் பாறைக்கு அடியிலயும் கட்டிக்கிட்டு இருந்தது, நாம அதைவிட வசதியா சுவரும் கூரையும் கட்டிக் குடுத்துட்டோம். ஃபேன் கப், டியூப்லைட் பட்டி, படத்துக்குப் பின்னாடி, மாட்டி வெச்ச சட்டை மடிப்பு, ரொம்ப நாளா எடுக்காத ஹெல்மெட்டுக்குள்ள கூட நான் பாத்திருக்கேன். பெரிசானதுக்கு சாப்பாடு பூத்தேன்தான், சிலந்தி எல்லாமே பிள்ளைக்கு.

---

ஓய்வுபெற்ற_தமிழாசிரியர்
ஜூன் 4, மாலை 6:30

நல்ல இழை. அம்மா, உங்க மாமியார் சொல்ற நம்பிக்கை தமிழ்நாட்டுல பல ஊர்லயும் உண்டு. அதோட இன்னொண்ணும் உண்டு, 'கொட்டக் கொட்டக் குளவி ஆகும்'னு கேள்விப்பட்டிருப்பீங்க. குளவி ஒரு புழுவைத் தூக்கிட்டு வந்து மண்கூட்டுல வெச்சு, கொட்டிக் கொட்டி, ரீங்காரம் பண்ணிக்கிட்டே இருக்குமாம், அந்தப் புழு குளவியையே நினைச்சு நினைச்சு ஒரு நாள் குளவியாவே மாறிடுமாம். குரு சீடனைத் தன்னை மாதிரியே ஆக்குறதுக்கு இதைத்தான் உவமையா சொல்வாங்க, வடமொழியில பிரமர கீட நியாயம்னு பேரு. நானே முப்பது வருஷம் வகுப்புல இதைச் சொல்லிப் பாடம் நடத்தியிருக்கேன். பித்தன் தம்பி, புழுவுக்கும் சிலந்திக்கும் எங்கே தொடர்பு? நம்ம முன்னோர் பாத்தது இந்தக் குளவியைத்தானா?

---

பூச்சிப்பித்தன்
ஜூன் 4, இரவு 10:10

ஐயா, இந்தக் கேள்வியை யாராவது கேக்க மாட்டாங்களான்னு பல நாள் நினைச்சிருக்கேன்.

மண்ணுல கூடு கட்டுற குளவி நம்ம ஊர்ல ரெண்டு கூட்டம். ஒண்ணு இந்த அக்கா வீட்ல இருக்கிறது, குழாய் குழாயா கட்டி சிலந்தி அடைக்கும். இன்னொண்ணு குயவன் குளவி, சின்னப் பானை மாதிரி கழுத்து வெச்சு உருண்டையா கட்டும், அது அடைக்கிறது பச்சைப் புழு. அந்தப் பழைய நம்பிக்கை பெரும்பாலும் குயவன் குளவியைப் பாத்து வந்ததா இருக்கணும்னு எனக்குத் தோணுது.

அவங்க பாத்ததுல தப்பே இல்ல ஐயா. புழு உள்ள போச்சு, கண்ணால பாத்தாங்க. ரீங்காரம் கேட்டுச்சு, காதால கேட்டாங்க. நாள் கழிச்சு குளவி வெளிய வந்துச்சு, அதையும் பாத்தாங்க. நடுவுல அரிசிக் குறுணை சைஸ்ல ஒரு முட்டை இருந்தது மட்டும்தான் கண்ணுல படல. புழு குளவியா மாறல, குளவிக்குஞ்சு புழுவைத் தின்னுட்டு வளர்ந்து வந்துச்சு. அந்த ரீங்காரமும் மந்திரம் இல்ல, நேத்து அக்கா கேட்டாங்களே மண்ணை இளக்குற சத்தம், அதுதான்.

---

ஓய்வுபெற்ற_தமிழாசிரியர்
ஜூன் 5, காலை 6:15

மண்ணை இளக்குற சத்தம். இத்தனை வருஷம் தெரியாமப் போச்சே தம்பி. ரொம்ப நன்றி.

---

மாடித்தோட்டம்
ஜூன் 9, மதியம் 12:30

அவசரம்! நேத்தோட அஞ்சு அறை முடிஞ்சு மேல மொத்தமா மண்ணைப் பூசிக்கிட்டு இருந்துச்சு. இன்னிக்கு ஒட்டடை அடிக்கும்போது குச்சி பட்டு கடைசி அறையோட மேல்பக்கம் பேந்து கீழ விழுந்துருச்சு. நேத்துதான் மூடினது. உள்ள இருந்தது எல்லாம் தரையில கொட்டிருச்சு, ஒரு பேப்பர்ல எடுத்து வெச்சிருக்கேன். மொத்தம் ஒன்பது சிலந்தி. மூணு பச்சையா கண்ணாடி மாதிரி இருக்கு, ரெண்டு குதிக்கிற சிலந்தி, மத்தது செடியில வட்டமா வலை கட்டுமே அந்த ஜாதிக் குட்டிங்க. தொட்டா ஒண்ணோட கால் மட்டும் லேசா துடிக்குது. ஒரு சிலந்தி வயித்துல வெள்ளையா வளைஞ்சு ஒண்ணு ஒட்டியிருக்கு, அதான் முட்டையா? மனசு கேக்கல, என்ன பண்றது?

---

பூச்சிப்பித்தன்
ஜூன் 9, மதியம் 12:42

அதேதான் முட்டை! தொடாதீங்க. ஹோமியோபதி மாத்திரை வருமே சின்னக் கண்ணாடி பாட்டில், அதை நல்லா கழுவிக் காய வைங்க. முட்டை ஒட்டின சிலந்தியை மெதுவா அடியில படுக்க வெச்சு மத்த எட்டையும் மேல போடுங்க. வாய்ல பஞ்சு வெச்சு அடைச்சு வெயில் படாத இடத்துல, ஒரு டப்பாவுக்குள்ள இருட்டா வைங்க. எறும்பு ஏறாமப் பாத்துக்கணும், அதான் முக்கியம். ஒரு தட்டுல தண்ணி ஊத்தி நடுவுல வைங்க.

பெரும்பாலும் முதல்ல கொண்டு வர்ற சிலந்தி மேலதான் முட்டை வைக்கும். ஃபிரான்ஸ் நாட்டுப் பூச்சி ஆராய்ச்சியாளர் ஃபாப்ர் நூறு வருஷத்துக்கு மேல முன்னாடி இதைக் கவனிச்சு எழுதினார், பழைய இரையை முதல்லயும் புதுசைக் கடைசியாவும் தின்னா எதுவும் வீணாகாதுன்னு. சின்னச் சின்ன சிலந்தியா பொறுக்குறதுக்கும் அவர் அதே காரணம்தான் சொன்னார், ஒரே பெரிய சிலந்தியா இருந்தா பாதி தின்னதுமே மிச்சம் கெட்டுரும்.

---

மாடித்தோட்டம்
ஜூன் 9, மாலை 5:10

வெச்சாச்சு தம்பி. ஆனா ஒண்ணு சொல்லணும், தாய்க்குளவி திரும்ப வந்துச்சு. உடைஞ்ச அறை வாயைத் தொறந்துக்கிட்டு காலியா கிடக்கு, அது உள்ள எட்டிக்கூடப் பாக்கல, கொண்டு வந்த மண்ணை அதுக்கு மேலயே பூசிட்டுப் போயிருச்சு. ஆறு தடவை வந்துச்சு. பிள்ளை இல்லாத அறையைப் பூசி மூடுது. பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு எனக்கு.

---

பூச்சிப்பித்தன்
ஜூன் 9, இரவு 8:25

ஃபாப்ர் இதையே சோதனை பண்ணியிருக்கார் அக்கா. கூட்டையே சுவத்துல இருந்து பேத்து எடுத்துட்டார், வெறும் சுவரு. குளவி வந்து, கூடு இருந்த அந்த வெத்து இடத்துலயே மண்ணைப் பூசிட்டுப் போச்சாம். வேலை ஒரு வரிசையில ஓடுது, கட்டுறது, அடைக்கிறது, மூடுறது, பூசுறது. பூசுற கட்டத்துக்கு வந்துட்டா உள்ள என்ன இருக்குன்னு திரும்பிப் பாக்கிறது அதோட கணக்குலயே இல்ல.

நம்ம நாட்டுலயும் இதை உக்காந்து பாத்தவங்க இருக்காங்க. ஹால்டேன்னு பெரிய மரபியல் அறிஞர் 1957-ல இங்கிலாந்தை விட்டு கல்கத்தாவுக்கே வந்துட்டார், அவர் மனைவி ஹெலன் ஸ்பர்வே, கூட இருந்த ஜெயகர் எல்லாரும் 1960-கள்ல குளவிங்களைக் கவனிச்சு எழுதியிருக்காங்க, நம்ம மெட்ராஸ்பட்டானமும் அதுல உண்டு. பெரிய கருவி ஒண்ணும் வேண்டாம், பொறுமையும் ஒரு நோட்டும் போதும். நீங்க இப்ப பண்ணிட்டு இருக்கிறதும் அதேதான்.

---

சூரிச்_பாலன்
ஜூன் 11, அதிகாலை 2:15

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது சுவிஸ். எங்கட ஊர் வீட்டில அம்மா இந்தக் கூட்டை ஒருநாளும் உடைக்க விடமாட்டா, அது தன்ரபாட்டில இருக்கட்டும் எண்டு சொல்லுவா. இஞ்ச எங்கட வீட்டில புத்தக அலுமாரியில புத்தகங்களுக்குப் பின்னால மண்ணில செய்த சின்ன முட்டி மாதிரி ஏழெட்டு கிடந்தது, ஒண்டோட ஒண்டு ஒட்டாமல் தனித்தனியா. மேல பூச்சும் இல்லை. உடைச்சுப் பாத்தா சிலந்தி. இதுவும் அதே குளவியோ? இந்தக் குளிர் நாட்டுக்கு எப்பிடி வந்தது?

---

பூச்சிப்பித்தன்
ஜூன் 11, காலை 8:00

பாலன் அண்ணா, அது இதோட சொந்தக்காரி, செலிஃப்ரான் கர்வேட்டம். சொந்த ஊரு இமயமலை அடிவாரம், வட இந்தியா, நேபாளம் பக்கம். ஐரோப்பால முதல்ல ஆஸ்திரியால 1979-ல கண்டுபிடிச்சாங்க, அப்புறம் சுவிஸ், இத்தாலி, ஃபிரான்ஸ்னு பரவி அமெரிக்கக் கண்டம் வரைக்கும் போயிருச்சு. நீங்க சொன்ன அடையாளமே போதும், இது அறையைத் தனித்தனியா விட்டுரும், மேல பூசாது, வீட்டுக்குள்ள புத்தகம், திரைச்சீலை மடிப்புன்னு வைக்கிறதுதான் அதுக்கு இஷ்டம். மண்ணுக்கூட்டுக்குள்ள மூடிக் கிடக்கிற குஞ்சு மரச்சாமான், பெட்டின்னு எதுல ஒட்டியிருந்தாலும் அதோட சேந்து ஊர் ஊரா போயிரும்.

---

பெஸ்ட்கண்ட்ரோல்_மணி
ஜூன் 12, இரவு 9:45

பதினோரு வருஷமா இந்தத் தொழில்தான் பண்றேன், அதனால சொல்றேன். மண்கூட்டுக்கு மருந்து அடிக்கச் சொல்லி வாரத்துக்கு ரெண்டு போனாவது வரும். நான் காசு வாங்காம திருப்பி அனுப்பிருவேன். ஸ்ப்ரே மண்ணுக்குள்ள ஏறாது, வீட்ல இருக்கிற குழந்தை மேலதான் படும். காலிக் கூடுன்னா, அதாவது ஓட்டை விழுந்திருந்தா, பட்டி பிளேடு வெச்சு சுரண்டிட்டு ஈரத்துணியால துடைச்சா முடிஞ்சுது. ஓட்டை இல்லாத கூட்டை அவசரத்துக்கு எடுத்துத்தான் ஆகணும்னா முழுசா பேத்து தோட்டத்துல மழை படாத இடத்துல வைங்க.

கதண்டு விஷயத்துல மட்டும் வீரம் காட்டாதீங்க. தீப்பந்தம் புடிக்கிறது, பெட்ரோல் ஊத்துறது எல்லாம் பாத்துட்டேன், எதுவும் நல்லபடியா முடிஞ்சதில்ல.

---

நெல்லை_வள்ளி
ஜூன் 13, காலை 11:00

எங்க ஆச்சி பொன்னுக்கு வீங்கி வந்தா இந்தக் கூட்டு மண்ணைக் குழைச்சு கன்னத்துல பத்து போடுவா. அது சரியா? அப்புறம் இன்னொரு சந்தேகம், சிலந்தி நமக்கு நல்லதுதானே, கொசுவைத் தின்னுது, செடியில பூச்சியைத் தின்னுது. அதை இந்தக் குளவி புடிச்சா தோட்டத்துக்கு நஷ்டம் இல்லையா?

---

பூச்சிப்பித்தன்
ஜூன் 13, மதியம் 2:20

வள்ளி அக்கா, ஈர மண்ணு குளிர்ச்சியா இருக்கும், வீக்கத்துக்கு இதமா தெரிஞ்சிருக்கும். ஆனா பொன்னுக்கு வீங்கி வைரஸ், மண்ணால குணமாகாது. கூட்டுக்குள்ள சிலந்திக் கழிவு, புழுக் கழிவு எல்லாம் இருக்கும், புண்ணு மேல எக்காரணம் கொண்டும் வைக்காதீங்க. குழந்தைக்குன்னா டாக்டர்கிட்ட காட்டிருங்க.

நஷ்டமான்னு கேட்டீங்க. ஒரு பொம்பளைக் குளவி ஒரு கூட்டுக்கு அம்பது நூறு சிலந்தி புடிச்சாலும் ஒரு சிலந்தி போடுற முட்டைப்பையில இருந்தே நூத்துக்கணக்குல குட்டி வருது. குளவி இருக்கிற தோட்டம்னா அங்க சிலந்தி நிறைய இருக்குன்னு அர்த்தம், சிலந்தி நிறைய இருக்குன்னா மருந்து அடிக்காத தோட்டம்னு அர்த்தம். எனக்கு அது சந்தோஷமான செய்தி.

---

கரிசல்காட்டான்
ஜூன் 15, மாலை 4:40

எங்க பருத்திக்காட்டுல போன வாரம் ஒரு நீலக்கறுப்புக் குளவி, தன்னைவிட பெரிய சிலந்தியை பின்னாடியே நடந்து நடந்து தரையில இழுத்துட்டுப் போச்சு. ஒரு இடத்துல அதை விட்டுட்டு முன்னாடி ஓடிப் போய் ஒரு பொந்தைப் பாத்துட்டு திரும்ப வந்து இழுத்துச்சு. அதுவும் வேட்டுவன்தானா தம்பி?

---

பூச்சிப்பித்தன்
ஜூன் 15, இரவு 7:30

அண்ணே, அது வேற குடும்பம், பாம்பிலிடேன்னு பேரு. அதுவும் சிலந்தி வேட்டைதான், ஆனா கணக்கு வேற. மண்குளவி பத்து சின்னச் சிலந்தி அடைக்கும்னா அது ஒரே ஒரு பெரிய சிலந்தி, அதுல ஒரு முட்டை, முடிஞ்சுது. தூக்க முடியாத கனம்ங்கிறதால இழுக்குது. பெரும்பாலும் மண்ணுல பொந்து தோண்டி உள்ள தள்ளி மூடிரும். அமெரிக்கால இந்தக் குடும்பத்துலயே பெரிசு, கையகலச் சிலந்தியையே புடிக்கிற ஒரு குளவி இருக்கு, நியூ மெக்சிகோ மாநிலம் 1989-ல அதைத் தன்னோட மாநிலப் பூச்சியாவே அறிவிச்சிருச்சு. கொட்டினா உலகத்துலயே ரொம்ப வலிக்கிறதுல ஒண்ணு அது. காட்டுல பாத்தா தள்ளி நின்னு பாருங்க, கையில எடுக்காதீங்க.

---

ரன்வே_சங்கர்
ஜூன் 17, இரவு 11:30

விமானப் பராமரிப்புல இருந்து ரிட்டயர் ஆனவன். மண்குளவின்னா எங்க தொழில்ல பயம்தான். விமானத்தோட மூக்குப் பக்கம் பிட்டாட் ட்யூப்னு சின்னக் குழாய் இருக்கும், காத்து அழுத்தத்தை வெச்சு வேகம் காட்டுறது அதுதான். குளவிக்கு அது அளவெடுத்து வெச்ச ஓட்டை. 1996 பிப்ரவரி 6-ம் தேதி டொமினிகன் குடியரசுல பிர்கென்ஏர்ங்கிற துருக்கி கம்பெனியோட போயிங் 757 விமானம் கடல்ல விழுந்து 189 பேர் செத்தாங்க. கேப்டனுக்கு வேகம் தப்பா காட்டிச்சு. அந்த விமானம் அதுக்கு முன்னாடி கவர் போடாம நின்னிருக்கு, குழாய் கடல்ல இருந்து கிடைக்கல, ஆனா புலனாய்வுல அதிகமா சந்தேகப்பட்டது அமெரிக்க மண்குளவி கட்டின கூட்டைத்தான். விமானம் நின்ன உடனே சிவப்பு ரிப்பன் தொங்குற கவரை மாட்டுறது எதுக்குன்னு புதுசா வர்ற பசங்களுக்கு நான் இதைச் சொல்லித்தான் புரிய வைப்பேன். குளவி மேல எனக்கு கோவம் இல்ல, கவர் மாட்ட வேண்டியது நாமதான்.

---

மாடித்தோட்டம்
ஜூன் 22, காலை 9:15

பாட்டில் நிலவரம் சொல்றேன், நோட்டுல எழுதினதை அப்படியே போடுறேன்.

ஜூன் 11 காலையில பாத்தா முட்டை இருந்த இடத்துல சின்னதா ஒரு புழு, தலை சிலந்தி வயித்துல பதிஞ்சிருக்கு, முதல் ரெண்டு நாள் இடத்தை விட்டே நகரல, உறிஞ்சுற மாதிரிதான் இருந்துச்சு, சிலந்தி மட்டும் சுருங்கிக்கிட்டே வந்துச்சு. 14-ம் தேதிக்கு மேல கடகடன்னு வளர்ந்துருச்சு, ஒரு சிலந்தியை முடிச்சுட்டு அடுத்தது, கால் முதக்கொண்டு மிச்சம் வைக்கல. 18-ம் தேதி ஒரே நாள்ல ரெண்டு போச்சு. புழு மஞ்ச வெள்ளையா சுண்டுவிரல் நகத்தைவிட பெரிசா ஆயிருச்சு, தோலுக்குள்ள ஏதோ ஓடுற மாதிரி தெரியுது. 19-ம் தேதி ஒன்பதும் காலி. 20 ராத்திரி பாட்டில் சுவத்துல நூல் இழுத்துச்சு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டி. இன்னிக்குப் பாத்தா வெங்காயச் சருகு மாதிரி மெலிசா ஒரு உறை, உள்ள நிழல் மாதிரி புழு. வீட்டுக்காரர் ஆபீஸ்ல இருந்து வந்ததும் செருப்பைக் கூட கழட்டாம பாட்டிலைத்தான் பாக்கிறார் இப்பல்லாம்.

---

பூச்சிப்பித்தன்
ஜூன் 22, மதியம் 1:30

அக்கா, நான் படிக்கும்போது எழுதின ரெக்கார்டு நோட்டு கூட இவ்ளோ நல்லா இல்ல. ரெண்டு நாள் கழிச்சு உறை பழுப்பா மாறும், ஒரு முனையில கறுப்பா கட்டி ஒண்ணு தெரியும், பயப்படாதீங்க. வளர்ற வரைக்கும் புழு கழிவே வெளிய விடாது, சோத்தோட கலந்துரக் கூடாதுல்ல, எல்லாத்தையும் தேக்கி வெச்சு உறை கட்டினதுக்கப்புறம்தான் ஒரேயடியா வெளியேத்தும். இனிமே பாட்டிலை ஆட்டாம அப்படியே விட்டுருங்க. உள்ளுக்குள்ள கூட்டுப்புழுவாகி, முதல்ல கண்ணு கறுக்கும், அப்புறம் உடம்பு.

---

மாடித்தோட்டம்
ஜூலை 14, மதியம் 3:00

வந்துருச்சு!! பாட்டில்ல இருந்தது இன்னிக்குக் காலையில உறையைக் கடிச்சு வெளிய வந்துருச்சு. தாயைவிட சின்னது. ஜன்னல்கிட்ட பஞ்சை எடுத்தேன், விளிம்புல உக்காந்து மீசையைத் தடவி விட்டுக்கிச்சு, ஒரு நிமிஷம் இருக்கும், பறந்துருச்சு. பாப்பா டாட்டா காட்டினா. போட்டோ கிட்டக்க எடுத்திருக்கேன், உணர்கொம்புல கணு எண்ணினா பதிமூணு வருது.

சுவத்துல 9-ம் தேதி ஒண்ணு, 11-ம் தேதி ஒண்ணு ஓட்டை விழுந்துச்சு. இன்னும் ரெண்டு அறை மூடியே இருக்கு.

---

பூச்சிப்பித்தன்
ஜூலை 14, மாலை 4:20

பதிமூணுன்னா ஆண். பொண்ணுக்கு பன்னெண்டு. முட்டையோட விந்து சேந்தா பொண்ணு, சேராட்டி ஆண், அது தாய் கையில இருக்கு. பொண்ணுக்கு சாப்பாடு கூடுதலா வைக்கும். ஒன்பது குட்டிச் சிலந்தி வெச்ச அறையில ஆண் வந்ததுல ஆச்சரியம் இல்ல.

---

மாடித்தோட்டம்
ஜூலை 20, காலை 10:05

தம்பி, ஒரு அறையில இருந்து நேத்து வேற ஏதோ வந்துச்சு. பளபளன்னு பச்சையும் நீலமுமா, மயில் கழுத்து மாதிரி. தொட்டதும் உருண்டை ஆயிருச்சு. கடைசி அறையில ஊசி குத்தின மாதிரி ஒரே ஒரு பொடி ஓட்டை, தட்டினா ஒண்ணும் இல்ல.

---

பூச்சிப்பித்தன்
ஜூலை 20, காலை 11:30

பச்சையா வந்தது குயில் குளவி. குயில் காக்காக் கூட்டுல முட்டை வைக்கிற மாதிரி, இது மண்குளவி அறையில முட்டை வெச்சிரும், அந்த அறைக் குஞ்சு பிழைக்காது. பொடி ஓட்டை மெலிட்டோபியான்னு ஒரு கண்ணுக்கே சரியாத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவி வேலையா இருக்கும், ஒரு புழுவுல இருந்தே கூட்டமா வெளிய வரும். அஞ்சுக்கு மூணு பிழைச்சிருக்கு அக்கா, அதுல ஒண்ணு நீங்க காப்பாத்தினது.

கூட்டை இப்ப சுரண்டிக்கலாம். ஆனா காலி அறைக்கு வேற ஆள் குடி வர வாய்ப்பிருக்கு.

---

மாடித்தோட்டம்
ஜூலை 26, மாலை 6:50

சுரண்டல தம்பி. நீங்க சொன்ன மாதிரியே ஆள் வந்துருச்சு. உடம்பு பூரா கருநீலம், மஞ்சளே இல்ல. வாய்ல தண்ணி கொண்டாந்து பழைய மண்ணை நனைச்சு உள்ள சுத்தம் பண்ணிச்சு, நாலு நாளா சிலந்தி கொண்டு வந்து அடைச்சுது. இன்னிக்கு வாயை மூடி, மேல சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா ஏதோ பூசியிருக்கு. இதெல்லாம் பாத்துட்டு அத்தை ஒட்டடைக் குச்சியை என் கையிலயே குடுக்கிறதில்ல.

---

பூச்சிப்பித்தன்
ஜூலை 26, இரவு 8:15

அது நீலக் குளவி, கேலிபியான் பெங்காலென்ஸ். தானா கூடு கட்டாது, பழைய மண்கூடு, சுவத்து ஓட்டைன்னு கிடைச்சதுல குடியேறும். அந்த வெள்ளை சுண்ணாம்பு இல்ல, பறவை, பல்லி மாதிரி ஜீவனோட எச்சத்துல வெள்ளையா இருக்குமே, அதை எடுத்து வந்து பூசுறது. ஸ்பர்வேயும் ஜெயகரும் இதையும் பாத்து எழுதியிருக்காங்க. தேதி எழுதிட்டீங்களா?

---

மாடித்தோட்டம்
ஜூலை 26, இரவு 8:40

வீட்டுக்காரர் எழுதிட்டார் தம்பி. ஜூன் 4-க்குப் பக்கத்துலயே ஜூலை 26-ன்னு பென்சில்ல இருக்கு.